ஆற்றங்கரை மீளமைப்பு: மட்டக்களப்பு, அம்பாறைத் தொண்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓடை, ஆறு, பெரிய வாய்க்கால் ஆகியவற்றின் கரையில் சொந்த மண்ணின் மரஞ்செடிகளை மீண்டும் வளர்க்க முன்வருவோருக்காக இது எழுதப்பட்டது. முந்தனை ஆற்றுப் பக்கமானாலும் பட்டிப்பளை ஆற்றுப் பக்கமானாலும் முறை ஏறக்குறைய ஒன்றே. வாவியோர உவர்நீரில் வளரும் கண்டல் மரங்களை நடும் வேலை வேறு வகை. அதற்குப் பின்னால் ஒரு பதில் உண்டு.

எந்த மாதத்தில் நட வேண்டும்?

ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. முதல் நல்ல மழை இறங்கி, ஒரு முழம் ஆழத்துக்கு மண் நனைந்ததும் நடத் தொடங்கலாம். நம் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. பெருவெள்ளமும் அதே மாதங்களில்தான் வரும். ஆகவே கன்று வேர் பிடிப்பதற்குக் கிடைப்பது முதல் மழைக்கும் முதல் வெள்ளத்துக்கும் இடைப்பட்ட ஐந்தாறு வாரம் மட்டுமே. டிசம்பர் கடைசியில் நட்ட கன்று வேர் ஊன்றும் முன் வெள்ளத்தில் போகும். தப்பினாலும் ஆழ வேர் இல்லாமல் கோடையின் கச்சான் காற்றில் கருகும்.

கரையின் நீர்மட்டத்தோடு ஒட்டிய கீழ்ப்பகுதிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பன் (பாய் பின்னும் புல்), கோரை போன்றவற்றை வெள்ளம் வடிந்த பிறகு, பெப்ரவரியில் சேறு ஈரமாக இருக்கும்போது ஊன்றுவது நல்லது.

தயாரிப்பு மார்ச்சிலேயே தொடங்க வேண்டும். ஜூன் 5 சுற்றாடல் தினத்துக்கென்று கன்று நடும் வழக்கம் இங்கு நிறைய உண்டு. கிழக்கில் அது கடும் வெயிற்காலம். அன்றைக்கு நாற்றுப்பை நிரப்புங்கள், விதை சேகரியுங்கள், வேலி போடுங்கள். கரையில் எதையும் நட வேண்டாம்.

யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

ஆற்றோர ஒதுக்குக் காணி பெரும்பாலும் அரச காணி. முதலில் கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து, பிரதேச செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். இடத்தின் வரைபடம், நீளம், நடப்போகும் இனங்கள், பராமரிக்கப்போவோர் யார் என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். ஒதுக்கின் அகலம் இடத்துக்கு இடம் மாறும். பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அளவுக்கட்டை அடியுங்கள்.

ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. சிறு குளமும் அதன் வாய்க்காலும் என்றால் கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். காட்டை ஒட்டிய இடமாக இருந்தால் வன பரிபாலனத் திணைக்களம் அல்லது வனஜீவராசிகள் திணைக்களமும் அறிய வேண்டும். பட்டுப்போன மரமாக இருந்தாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் கமக்கார அமைப்பின் ஒப்புதல். வட்டைக்குள் (வயற்பரப்புக்குள்) போகும் வழியை அடைக்கமாட்டோம், வாய்க்காலுக்குள் மரம் வைக்கமாட்டோம் என்று அங்கே சொல்லி, கூட்ட அறிக்கையில் பதிவு செய்யுங்கள். இந்தப் பதிவு இல்லாததால்தான் பல இடங்களில் வாய்க்கால் துப்புரவுக்கு வந்த பெக்கோ இயந்திரம் கன்றுகளையும் சேர்த்து வழித்துவிடுகிறது. இயந்திரம் ஒரு கரையிலிருந்துதான் வேலை செய்யும்; எந்தக் கரை என்று முன்கூட்டியே பேசி, மரங்களை எதிர்க்கரையில் வைத்துக்கொள்ளலாம்.

குளக்கட்டிலும் மரம் நடலாமா?

கூடாது. பெரிய மரத்தின் வேர் செத்து உக்கும்போது கட்டுக்குள் குழாய்போல் பொந்து விடும். அந்த வழியே நீர் கசிந்து கட்டு உடையலாம். கட்டுக்குப் புல் மட்டுமே.

எந்த இடத்தைத் தெரிவுசெய்வது?

அதிகம் இடிந்த இடத்தை அல்ல. இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் முதற்குழு தன் முதல் ஆண்டை ஆற்றின் வெளிவளைவில் செலவிட்டால் அநேகமாக எல்லாமே போய்விடும். வளைவின் வெளிப்புறத்தில்தான் நீரின் வேகம் கூடுதல். உட்புறத்தில் மணல் படியும். பாதி மரம் நிற்கிற, நேரான, 50 முதல் 100 மீற்றர் வரையான துண்டு ஒன்றை எடுங்கள். நிற்கிற மருது மரத்தைக் காப்பது 20 கன்று நடுவதைவிட மலிவு.

கோடையில் நீர் வற்றியிருக்கும்போது கரையோரம் முழுக்க நடந்து பாருங்கள். இடிவு எதனால் என்று கண்டுபிடித்த பிறகே மண்வெட்டியைத் தொடலாம். மாடு இறங்கும் இடமா? நீர் இறைக்கும் பம்பின் குழாய் கரையை அரிக்கிறதா? வயல் உழவு விளிம்பு வரை வருகிறதா? மேலேயிருந்து வடியும் மழைநீர் ஒரே இடத்தில் கொட்டுகிறதா? அல்லது மணல் அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டதா? கடைசிக் காரணமென்றால் எந்தச் செடியும் அந்தக் கரையைப் பிடிக்காது. அணைக்குக் கீழேயுள்ள ஆறுகளில் இன்னொன்றும் சேர்கிறது: மேலிருந்து வரவேண்டிய மணல் குளத்தில் தங்கிவிடுவதால், ஓடிவரும் நீர் அடியையும் கரையையும் அரித்துத் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் வெள்ளமும் எவ்வளவு உயரம் ஏறின என்று கரையில் குடியிருப்போரிடம் கேட்டு, அந்த அளவுகளைக் கட்டையில் குறித்துவையுங்கள். எந்தச் செடி எந்த உயரத்தில் என்பதை அந்தக் கட்டைதான் தீர்மானிக்கும்.

எந்தெந்த இனங்கள்?

கரையை மூன்று படியாகப் பாருங்கள். நீர் தொடும் கீழ்ப்படிக்குப் பன், கோரை, வெட்டிவேர். ஆண்டுக்குச் சிலமுறை மூழ்கும் நடுப்படிக்கு நொச்சி, தாழை, ஆற்றுப்பூவரசு. மேல்விளிம்புக்கும் அதற்கு அப்பாலும் மருது, நீர்க்கடம்பு, புங்கு, நாவல், இலுப்பை.

மருதுதான் முதன்மை. நாட்கணக்கில் நீரில் நின்றாலும் சாகாது. வேர் கரையை வலைபோல் பிடிக்கும். ஆனால் மருது மட்டுமே வைத்தால் முதல் ஐந்தாறு ஆண்டு கரையின் அடியைப் பிடிக்க எதுவும் இராது. மண்ணை முதலில் பிடிப்பது புல்லும் கோரையுமே, மரம் பிறகுதான் வருகிறது. பன்னுக்கு இன்னொரு நன்மை: பாய் பின்னுவோர் அதை அறுத்துப் பயன்படுத்துவார்கள், அதனால் அந்த இடத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அடியோடு பிடுங்காமல் நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக அறுக்கச் சொல்லுங்கள்.

மக்கள் குளிக்கும் துறையருகே தாழை வேண்டாம். பாம்பும் முதலையும் மறைந்திருக்க இடமாகும். சம்பைப் புல்லையும் நீங்களாக நட வேண்டாம். அது தானாகவே வரும், வந்தால் வாய்க்காலை அடைக்கும்.

மூங்கில் வேகமாக வளருமே? தேக்கு?

மஞ்சள் மூங்கிலை யாரோ ஒருவர் எப்போதும் இலவசமாகத் தரக் காத்திருப்பார். அது இந்த உலர்வலய ஆற்றங்கரைக்கு உரியதல்ல. நிழலில் வேறெதையும் எழவிடாது. அடி அரிக்கப்பட்டால் புதர் முழுவதும் கரையோடு பெயர்ந்து விழுந்து நீரோட்டத்தை மறிக்கும். தேக்கும் நம் நாட்டு மரமல்ல. அதன் அகன்ற இலையிலிருந்து சொட்டும் பெருந்துளியும் அடியில் புல் வளராத வெறுந்தரையும் மண்ணைக் கரைக்கும். யூக்கலிப்டஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

விதையும் கன்றும் எங்கிருந்து?

அதே ஆற்றின் கரையிலிருந்து. குறைந்தது பத்துத் தாய்மரங்களில் எடுங்கள். ஒரு மரத்தடியில் கிடப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அள்ள வேண்டாம். காட்டிலிருந்து இளங்கன்றுகளைத் தோண்டி வருவது சட்டப்படியும் தவறு, வேர் அறுந்து பாதி சாகும் என்பதால் வேலையாகவும் வீண்.

நாவல், இலுப்பை விதைகளை வைத்திருக்க முடியாது. சதையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, ஒரு வாரத்துக்குள் ஊன்ற வேண்டும், காய்ந்தால் முளைக்காது. புங்கங்கொட்டை சில மாதம் தாங்கும். மருதங்காயை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, பிறகு மணற்பாத்தியில் இடுங்கள். நீர்க்கடம்பு விதை தூசி போன்றது. மணலோடு கலந்து தட்டில் தூவி, மேலிருந்து ஊற்றாமல் தட்டை நீரில் வைத்து அடியால் நனைக்க வேண்டும்.

6 அங்குலம் அகலம், 9 அங்குலம் உயரமுள்ள கறுப்புப் பையில் மேல்மண் 2 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு, உக்கிய சாணம் 1 பங்கு. பச்சைச் சாணம் வேரைச் சுடும். நடும்போது கன்று 45 முதல் 60 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் போதும். ஆளுயரக் கன்று படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் பைக்குள் வேர் சுருண்டுபோயிருக்கும். கடைசி மாதம் நிழலைக் குறைத்து, நீரையும் பாதியாக்கிக் கன்றை வெயிலுக்குப் பழக்குங்கள்.

100 மீற்றர் கரைக்கு எவ்வளவு வேண்டும்?

கீழ்ப்படியில் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு வரிசை: சுமார் 670 பன் அல்லது வெட்டிவேர்த் தூர்கள். நடுப்படியில் 1 மீற்றர் இடைவெளியில் இரண்டு வரிசை: 200 செடி. மேலே 4 மீற்றர் இடைவெளியில், ஒன்றுக்கொன்று எதிரே வராமல் இரண்டு வரிசை: 50 மரக்கன்று. இதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பு வையுங்கள்.

ஒரு காலை வேலைக்கு 20 முதல் 25 பேர் போதும். 100 பேர் வந்தால் மிதிபடும் கரையே அதிகம். கருவிகள்: நாலு பேருக்கு ஒரு மண்வெட்டி, பத்துப் பேருக்கு ஓர் அலவாங்கு, கத்தி, வாளி, தும்புக்கயிறு. மரக்குழிகளை நடுவதற்கு ஒரு வாரம் முன்பே வெட்டிவைத்தால் அன்றைய வேலை பாதியாகும்.

கரை செங்குத்தாக இடிந்து நிற்கிறது. அப்படியே நடலாமா?

நட்டால் கன்றோடு சேர்ந்து இடியும். உயரம் ஒன்றுக்கு அகலம் இரண்டு என்ற சரிவுக்கு வெட்டிச் சாய்க்க வேண்டும். 1.5 மீற்றர் உயரக் கரையென்றால் விளிம்பு 3 மீற்றர் பின்னால் போகும். 10 மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 8 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வெட்ட நேரும். வயற்காரரின் நிலம் அந்த 3 மீற்றருக்குள் வருமானால் பேச்சை அங்கே முடித்த பிறகே வெட்டு. இந்த வேலையை ஓகஸ்ட், செப்டெம்பரில் செய்து, வெட்டிய மண்ணை ஆற்றுக்குள் தள்ளாமல் மேலே அகற்றுங்கள்.

சாய்த்த கரையை வெறுமையாக மழைக்கு விடக்கூடாது. தும்பு வலை விரியுங்கள். மேல்விளிம்பில் 30 சென்ரிமீற்றர் ஆழத் தவாளிப்பு வெட்டி வலையின் நுனியை அதற்குள் வைத்து மண்ணால் அமுக்க வேண்டும். இரு வலைகள் சேருமிடத்தில் 15 சென்ரிமீற்றர் மேற்படிய, மேலாற்றுப் பக்க வலை மேலே வரட்டும். மாற்றிப் போட்டால் நீர் அடியில் புகுந்து வலையைச் சுருட்டிவிடும். மீற்றருக்கு ஒரு மரமுளை. பொலித்தீன் மண்மூட்டை வேண்டாம். இரண்டாம் ஆண்டில் கிழிந்து வாவிக்குப் போகும்.

அடிப்பகுதியில் உயிர்க்கம்பு ஊன்றலாம். நொச்சி, பூவரசு, ஆற்றுப்பூவரசு கம்புகள் எளிதில் வேர்விடும். பெருவிரல் பருமன், 75 முதல் 90 சென்ரிமீற்றர் நீளம், அடி சாய்வெட்டு, தலை நேர்வெட்டு. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். அலவாங்கால் துளைபோட்டு இறக்குங்கள், சுத்தியலால் அடித்தால் தலை பிளந்து அழுகும். மொட்டு மேல்நோக்கி இருக்கவேண்டும். தலைகீழாக ஊன்றிய கம்பு ஒவ்வோர் ஆண்டும் எண்ணும்போது கிடைக்கிறது. வெட்டிய அன்றே ஊன்ற முடியாவிட்டால் அடியை நீரில் ஊறப்போட்டு அடுத்த நாளுக்குள் முடியுங்கள்.

கன்று நடும்போது என்ன தவறு நடக்கிறது?

முதலாவது, பையைக் கழற்றாமல் நடுவது. கூட்டம் அதிகமானால் இது கட்டாயம் நடக்கும். ஆகவே கழற்றிய பைகளை ஒருவர் எண்ணிப் பெற்றுக்கொள்ளட்டும், நட்ட கன்றும் பையும் சரிசமமாக வேண்டும். இரண்டாவது, அடியில் சுருண்ட வேரை வெட்டாமல் விடுவது. மூன்றாவது, ஆழம். குழி 45 சென்ரிமீற்றர் நீளம், அகலம், ஆழம். ஆனால் கன்றின் கழுத்து (தண்டும் வேரும் சேருமிடம்) நிலமட்டத்தில் நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், உயர்ந்தால் காயும். மண்ணைக் காலால் அழுத்தி, உள்ளே காற்றிடம் இல்லாமல் செய்யுங்கள்.

தாங்குகம்பை மேலாற்றுப் பக்கம் ஊன்றினால் வெள்ளத்தில் வரும் சருகும் கட்டையும் முதலில் கம்பில் மோதும். கிளிசிரிடியாக் கம்பு வேண்டாம். அது தானே துளிர்த்துக் கன்றை மறைக்கும். தும்புக்கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். நைலோன் கயிறு தண்டை இறுக்கி வெட்டும்.

வைக்கோல் மூடாக்கை நடும் அன்று போடாதீர்கள், வெள்ளம் அள்ளிப்போகும். ஜனவரி கடைசியில், நீர் வடிந்த பிறகு 10 சென்ரிமீற்றர் தடிப்பாக, தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும்.

இப்பில் இப்பில், நாயுண்ணி, ஆற்றுவாழை போன்ற களைகள்: எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடலாமா?

வேண்டாம். மழைக்கு முன் கரையைச் சவரம் செய்ததுபோல் ஆக்கினால் முதல் மழையிலேயே மண் ஆற்றில். நட்டு மூடக்கூடிய அளவுக்கு மட்டும், 10 மீற்றர்த் துண்டுகளாக அகற்றுங்கள்.

இப்பில் இப்பில்லை வெட்டினால் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். முழங்கால் உயரத்துக்கு உட்பட்டதை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்தின் வேரைத் தோண்ட வேண்டாம், அது இப்போதைக்குக் கரையைப் பிடித்திருக்கிறது. நிலத்தோடு வெட்டி, துளிரை மாதமொரு முறை ஒடித்துக்கொண்டிருந்தால் நாளடைவில் ஓயும். காய் முற்றும் முன் வெட்டுவது அவசியம், விதை மண்ணில் பல ஆண்டு காத்திருக்கும். நாயுண்ணியைக் கையுறையோடு வேருடன் கெல்லிவிடலாம்.

ஆற்றுவாழைக்கு எதிராக இந்நாட்டில் 1909இலேயே சட்டம் வந்துவிட்டது. செடி இன்னும் போகவில்லை. துண்டு ஒன்று மிதந்துபோனாலும் மீண்டும் பெருகும். ஆகவே கீழாற்றுப் பக்கம் கயிற்றில் மிதவை கட்டி மறித்துவிட்டு அள்ளுங்கள். வெள்ளம் எட்டாத மேட்டில் குவித்துக் காயவைத்துப் பசளையாக்குங்கள். களைநாசினியை நீரருகே தெளிக்கவே கூடாது.

மாடுகள் வந்தால்?

வரும். கன்று சாவதற்கு வெள்ளத்தைவிட மாடு பெரிய காரணம். பட்டிக்காரரோடு சண்டை பிடித்து வென்ற குழு எதுவும் இல்லை. மாடு நீர் குடிக்க 4 முதல் 5 மீற்றர் அகலத் துறை ஒன்றை, கரை தாழ்ந்து மணல் படிந்த உள்வளைவில் விட்டு, கிறவல் போட்டுக் கொடுங்கள். மற்றப் பகுதிக்கு மூன்று வரிசை முட்கம்பி, 2.5 மீற்றருக்கு ஒரு கட்டை. வெள்ளம் வரும் தாழ்வான இடத்தில் கம்பி சருகைப் பிடித்து வேலி முழுவதும் சாயும்; அங்கே முட்கிளை போதும். யானை நடமாடும் வழியில் வேலியே வேண்டாம்.

எவ்வளவு காலம் தண்ணீர் ஊற்ற வேண்டும்?

முதல் கோடை முழுவதும், மார்ச் முதல் செப்டெம்பர் வரை. மரக்கன்றுக்கு வாரம் இரு தடவை 10 லீற்றர். 50 கன்றுக்கு ஒரு தடவைக்கு 500 லீற்றர். சிறிய பம்பும் குழாயும் இருந்தால் ஒருவரால் ஒரு மணித்தியாலத்தில் முடியும். தினமும் ஒரு கோப்பை ஊற்றுவது கேடு: வேர் மேலேயே தங்கிவிடும். இந்த ஏழு மாதத்துக்கும் ஆள் பெயர் எழுதிய அட்டவணை இல்லையென்றால் நடும் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஜூன் முதல் வயலில் வைக்கோலுக்கும் காய்ந்த புல்லுக்கும் வைக்கும் தீ பரவும். வேலிக்கு வெளியே 2 மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செருக்கி வையுங்கள்.

முதலை, பாம்பு, எலிக்காய்ச்சல்?

முதலை இருக்கும் ஆறா என்று மீனவரிடமும் மாடு மேய்ப்பவரிடமும் கேளுங்கள். இருந்தால் விடியற்பொழுதிலும் மாலையிலும் நீரோரம் வேலையில்லை. காலை 7 மணி முதல் 10.30 வரைதான். கீழ்ப்படியில் வேலை நடக்கும்போது ஒருவர் நீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். மீன் கழுவிய நீரை அங்கே ஊற்ற வேண்டாம்.

புடையன் பாம்பு வைக்கோலிலும் பற்றையிலும் இருக்கும். கம்பால் தட்டிய பிறகே கை வையுங்கள். முழங்கால் வரை சப்பாத்து. கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், உறுப்பை அசைக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். துருப்பிடித்த உலோகப் பொருள் எதுவும் மண்ணில் தென்பட்டால், அது வெடிபொருளாக இருக்கலாம் என்பதால், தொடாமல் விலகி 119க்குச் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சல்தான் உண்மையில் அதிகம் கவனிக்கவேண்டியது. காலில் வெட்டுக்காயம் உள்ளவர் சேற்றில் இறங்கக்கூடாது. வேலைக்கு முன் எடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் தாமாக எடுக்கக் கூடாது. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மேலே குளத்தின் வான்கதவு திறக்கப்படுகிறதா என்று காலையிலேயே விசாரியுங்கள். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களுக்குக் கீழே, உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாமல் ஆறு ஏறலாம்.

பாடசாலை மாணவர் வரலாமா?

நாற்றுமேடை, பை நிரப்பல், மேல்விளிம்பில் நடல், எண்ணல்: தாராளமாக. நீரோரக் கீழ்ப்படிக்கு 18 வயதுக்குட்பட்டோர் வேண்டாம். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்.

பக்கத்தில் மணல் அள்ளுகிறார்கள்.

தொண்டர்கள் யாரும் நேரில் தடுக்கப் போகக்கூடாது. அனுமதிப்பத்திரம் உள்ளதா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அள்ளுவது நிற்காவிட்டால் அந்தத் துண்டை விட்டுவிட்டு மேலாற்றில் வேறிடம் பாருங்கள்.

பிழைத்தவற்றை எப்படி எண்ணுவது?

ஜனவரி கடைசியில் ஒரு முறை, செப்டெம்பர் கடைசியில் ஒரு முறை. இனவாரியாக, படிவாரியாக, உயிரோடு, செத்தது, காணவில்லை என்று மூன்றாக எழுதுங்கள். "காணவில்லை" அதிகமானால் வெள்ளம் அல்லது மாடு. "செத்தது" அதிகமானால் நீரின்மை அல்லது தவறான இடம். ஒரே இடத்தில் ஒரே இனம் இருமுறை செத்தால் மூன்றாம் முறை வேறு இனம் வையுங்கள். ஜனவரி எண்ணும்போதே கன்றில் சுற்றிய ஆற்றுவாழையையும் பிளாஸ்ரிக்கையும் எடுத்து, கழுத்தில் படிந்த வண்டலைச் சுரண்டி, சாய்ந்ததை நிமிர்த்திவிடலாம்.

கண்டல் நட விரும்புகிறோம்.

நீர் உவர்க்குமிடத்தில்தான் அது வாழும்; நன்னீர் ஓடையில் வைப்பது வீண். ஆறு வாவியில் சேரும் உவர்ப்புக் குறைந்த முகப்பில் கிண்ணை பொருந்தும். தில்லையை வெட்டும்போது பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து, தோலிலும் கொப்பளிக்கும். நிற்கும் கண்டலுக்கு இடையில் மறியல் இல்லாமல் நீர் வந்துபோனால் விதை தானே வந்து முளைக்கும். நடுவதற்கு முன் நீர்வழி அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். திணைக்கள அனுமதி இங்கும் வேண்டும்.

மீதமான கன்றுகளை என்ன செய்வது?

ஜனவரி எண்ணிக்கைக்குப் பிறகு பெப்ரவரி நடுப்பகுதி வரை, ஈரம் இருக்கும் மேல்விளிம்பில் இடைவெளி நிரப்பலாம். அதற்குப் பிறகும் மிஞ்சினால் பெரிய பைக்கு மாற்றி நிழலில் வையுங்கள், ஒக்டோபரில் நடலாம். பை மாற்றும்போது சுருண்ட வேரை வெட்டத் தவறாதீர்கள்.